சஹனில் காணாமல் போன சோறு

போன மாதம் செல்வி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு பாளையங்கோட்டை லேபில் என் நாற்காலிக்கு வந்தவள். எடுத்ததுமே படபடவென்று ஆரம்பித்தாள்.

"மேடம், இந்த வாரம் மூணு பேருக்கு டி-3 கீழ கிடக்கு. டி-4 ஒழுங்கா இருக்கு, டி.எஸ்.எச். ஒழுங்கா இருக்கு. திருப்பி ஓட்டிப் பார்த்தும் அதேதான் வருது. மெஷின்ல கோளாறோன்னு பயமா இருக்கு."

தைராய்டு சுரப்பி விடுகிற சரக்கு டி-4, டி-3 என்ற இரண்டும். டி.எஸ்.எச். என்பது மூளை அந்தச் சுரப்பிக்கு அனுப்புகிற அதட்டல். சுரப்பி சோம்பினால் அதட்டல் கூடும். இங்கே டி-3 குறைந்திருக்கிறது, ஆனால் அதட்டல் கூடவில்லை. படித்தவர்களைக் குழப்புகிற ரிப்போர்ட் இது.

எனக்குப் புல்லரித்துவிட்டது. உட்கார்ந்திருந்தவள் எழுந்தே விட்டேன். "மெஷினை விடு. மூணு பேரும் சோறு திங்காங்களான்னு கேளு" என்றேன். செல்வி "சரி மேடம்" என்று போனை வைத்தாள். பாவம், மேடத்துக்கு வயதாகிவிட்டது என்று நினைத்திருப்பாள். சாயந்திரம் மறுபடி கூப்பிட்டாள். இப்போது கத்தினாள்.

"மேடம்! மூணு பேரும் ஒரே ஜிம்! பேலியோவாம். அரிசி, கோதுமை, பழம் ஒண்ணும் தொடுறதில்லையாம். கறி, முட்டை, நெய்யாம். உங்களுக்கு எப்படி மேடம் தெரிஞ்சுது?"

அட பிள்ளையே, இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று எத்தனை வருஷமாகக் காத்துக்கொண்டிருக்கிறேன்! கதையைச் சொன்னேன். எழுதிவைக்கச் சொன்னாள். சொன்னவளுக்கு நன்றி. பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்று என் வீட்டுக்காரர் சொல்வார், எழுத்திலாவது குறுக்கே பேச ஆளில்லை.

நான் ஸ்ரீவைகுண்டத்துக்காரி. ஒரு காலத்தில் வயல் இருந்த சைவ வீடு. நான் பிறந்தபோது வயல் போய் வாத்தியார் உத்தியோகம் வந்திருந்தது. வேதியியல் படித்தேன், லேப் படிப்பு படித்தேன், கதிரியக்கச் சரக்கைக் கையாளப் பம்பாயில் பயிற்சி எடுத்தேன். "கதிரியக்கமா, பிள்ளை பெறாமப் போயிருவியே" என்று அம்மா அழுதாள். இரண்டு பெற்றேன், இரண்டும் இன்றுவரை என்னை உருட்டி எடுக்கின்றன. படிப்புக் கதை இவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்தது டாக்டர் எஸ்தரிடம். சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் சொந்தமாக மருத்துவமனை வைத்திருந்தார். மாடியில் பெரிய லேப். தூத்துக்குடி, திருச்செந்தூர், தென்காசிப் பக்கத்து டாக்டர்கள்கூட எங்களுக்கு ரத்தம் அனுப்புவார்கள்.

தொண்ணூறுகளில் தைராய்டு பார்ப்பது இப்போதுபோலப் பொத்தானை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போகிற வேலை இல்லை. பம்பாயிலிருந்து கிட் ரயிலில் வரும். அதில் இருக்கிற கதிரியக்க அயோடின் நாளுக்கு நாள் வீரியம் குறைந்துகொண்டே போகும், ஊறுகாய் மாதிரி வைத்துக்கொள்ள முடியாது. வாரம் முழுக்க வருகிற ரத்தத்தின் சீரத்தைப் பிரித்து உறையவைத்து, புதன்கிழமை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஓட்டுவோம். எனக்குப் புதன் என்றால் தைராய்டுக் கிழமை. அன்றைக்கு என்னிடம் யாரும் வாய் கொடுக்கமாட்டார்கள்.

இந்தச் சோதனை புரியவேண்டுமென்றால் சீவலப்பேரி போகிற டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். இருக்கைகள் இவ்வளவுதான். சிவப்புச் சட்டை போட்ட ஆட்கள் கொஞ்சம் பேரை நான் முன்கூட்டியே எண்ணி, ஏறத் தயாராக நிறுத்துகிறேன். நோயாளியின் ரத்தத்திலிருந்து வருகிறவர்கள் வெள்ளைச் சட்டை. இரண்டு கூட்டமும் முண்டியடித்து ஏறும். வெள்ளைச் சட்டை அதிகமாக வந்தால் சிவப்புச் சட்டைக்கு இடம் கிடைக்காது. கடைசியில் பஸ்ஸில் எத்தனை சிவப்புச் சட்டை என்று எண்ணினால் வெள்ளைச் சட்டை எவ்வளவு வந்தது என்று தெரிந்துவிடும். சிவப்புச் சட்டைதான் கதிரியக்க அயோடின் ஒட்டிய டி-3. வெள்ளைச் சட்டை நோயாளியுடைய டி-3. அதனால் கதிர்களை எண்ணுகிற கவுண்டரில் எண் கூடினால் ஆளுக்கு டி-3 குறைவு, எண் குறைந்தால் டி-3 அதிகம். தலைகீழ்க் கணக்கு. புதிதாக வருகிறவர்களுக்கு இது மண்டையில் ஏறவே ஏறாது.

ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு டியூப். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் என் கை தப்பு. முதலில் ஸ்டாண்டர்டு என்கிற அளவு தெரிந்த திரவங்கள், பிறகு சரிபார்க்கிறதற்கான கன்ட்ரோல் சீரம், பிறகு நோயாளிகள். பிப்பெட்டின் நுனியைத் துடைத்துத்தான் விடவேண்டும், வெளியே ஒட்டியிருக்கிற ஒரு சொட்டு உள்ளே போனால் ஒருவரை நோயாளி ஆக்கிவிடும். வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் வைத்து, வீழ்படிவாக்குகிற திரவத்தை ஊற்றி, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றினால் அடியில் வெள்ளையாகப் படியும். அதற்கப்புறம்தான் பெரிய கண்டம். ஸ்டாண்டோடு டியூப்களை ஒரே வீச்சில் கவிழ்க்கவேண்டும். தயங்கிக் கவிழ்த்தால் படிவும் சேர்ந்து ஓடிவிடும். கவிழ்த்து, மை ஒற்றும் தாளில் நிறுத்தி, வாயை ஒற்றியெடுத்து, காமா கவுண்டரில் ஒவ்வொன்றாக இறக்குவேன். எண்கள் ஓடி நிற்கும். கிராஃப் தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்து, ஸ்கேல் வைத்து வாசிப்பேன். அந்தக் கோடு வழுக்கிக்கொண்டு அழகாக இறங்கினால் அன்றைக்கு எனக்குத் தீபாவளி.

டாக்டர் எஸ்தரைப் பற்றிச் சொல்லவேண்டும். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகத்தான் போவார். ரிப்போர்ட்டை நீட்டினால் வாங்கி, பார்க்காமல், மேஜையில் குப்புறப் போட்டு மேலே ஒரு கூழாங்கல்லை வைத்துவிடுவார். பிறகுதான் கேள்வி.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க? எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்க."

"வழக்கம்போலத்தான் டாக்டர்."

"வழக்கம்னு கடையில எதுவும் விக்காங்களா? என்ன சாப்பிட்டீங்க? இட்லின்னா எத்தனை? தொட்டுக்கிட என்ன? எண்ணெயா நெய்யா?"

காபியில் எத்தனை கரண்டி சர்க்கரை என்பதிலிருந்து படுக்கப்போகும்போது குடித்த பால் வரைக்கும் கறந்துவிடுவார். பெரிய அதிகாரிகள்கூட அவர் முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விரல் மடக்கிச் சொல்வார்கள். அதற்கப்புறம்தான் கல்லை எடுத்து ரிப்போர்ட்டைத் திருப்புவார். "முதல்ல நம்பரைப் பார்த்துட்டா நம்ம காது அடைஞ்சு போயிரும் கோமதி" என்பார். மற்ற நேரம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர், சந்தோஷம் வந்துவிட்டால் தோழியைக் கூப்பிடுகிற மாதிரி "ஏளா" என்றுதான் கூப்பிடுவார். அந்த "ஏளா"வுக்காகவே நான் உழைத்தேன்.

அப்படி ஒரு புதன்கிழமைக்குப் பிறகுதான் மீரான் வந்தார். பெயரை மாற்றியிருக்கிறேன். காயல்பட்டினத்துக்காரர், துபாயில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறவர். நல்ல சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட மனைவி கதீஜா. ஊர் டாக்டர் அனுப்பிய அவருடைய ரத்தத்தை நான்தான் ஓட்டியிருந்தேன். டி-3 ரொம்பக் குறைவு. ஊர் டாக்டர் அதை மட்டும் பார்த்துவிட்டு, தைராய்டு வேலை செய்யவில்லை, ஆயுசுக்கும் மாத்திரை என்று எழுதிவிட்டார்.

அந்த "ஆயுசுக்கும்" என்ற சொல்தான் மாத்திரையைத் தொடவிடாமல் மீரானை எங்களிடம் விரட்டியது. துபாயிலேயே வேறு கம்பெனியில் நல்ல வேலை கிடைத்திருந்தது. அடுத்த மாதம் பம்பாயில் மருத்துவப் பரிசோதனை. நாள்பட்ட சீக்கு, தினசரி மாத்திரை என்று எழுதினால் 'அன்ஃபிட்' குத்தி அனுப்பிவிடுவார்கள் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தான். பழைய கடையில் கணக்கை முடித்துவிட்டு வந்தாயிற்று. இது போனால் எதுவும் இல்லை.

டாக்டர் ரிப்போர்ட்டைக் குப்புறப் போட்டார். கல்லை வைத்தார். "நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"எல்லாரும் சாப்பிடுததுதான் டாக்டர்" என்றார் மீரான், தரையைப் பார்த்துக்கொண்டு.

"எல்லாரையும் எனக்குத் தெரியாது. நீங்க?"

கதீஜா முந்திக்கொண்டாள். "காலையில கடற்கரைப் பக்கம் நடந்துட்டு வெளியவே சாப்பிட்டுட்டு வந்திருதாங்க டாக்டரம்மா. ராத்திரி வயிறு மந்தம்னு முட்டையோட எந்திரிச்சிருதாங்க. மத்தியானம் எந்தம்பிமாரு ரெண்டு பேரு கூட ஒரே சஹன்லதான். சோறு, கறி எல்லாம் வச்சு அனுப்புதேன். சஹன் கழுவி வச்ச மாதிரி காலியாத்தான் திரும்பி வருது."

சஹன் என்பது பெரிய வட்டத் தட்டு. அந்த ஊரில் இரண்டு மூன்று பேர் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். விருந்தென்றால் கட்டாயம் அப்படித்தான், இவர்கள் வீட்டில் தினசரியும் அப்படித்தான்.

டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பினார். டி-3 கீழே, மற்றது எல்லாம் ஒழுங்கு. சர்க்கரையும் ஒழுங்கு. அவர்களை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மூணு பேருக்குத்தான் இப்படி வரும் கோமதி. படுத்த படுக்கையா சீக்குல கிடக்கிறவங்களுக்கு, பட்டினி கிடக்கிறவங்களுக்கு, இல்லன்னா மாவுச்சத்தை அடியோட விட்டவங்களுக்கு. இவரு நடந்து வந்திருக்காரு. இது நோன்பு மாசமும் இல்ல. சோறு சஹன் நிறையப் போகுது. அப்போ நீ உன் டியூப்பைப் பாரு."

என் டியூப்பையா! மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அடுத்த புதன் அவருடைய சீரத்தை மறுபடி எடுத்தேன். பக்கத்தில் கன்ட்ரோல் சீரம் இரண்டு விதம் வைத்தேன். அதுவும் போதாதென்று என் ரத்தத்தையே எடுத்து ஓட்டினேன். மூன்று வேளையும் அரிசி தின்று வளர்ந்த எனக்கு டி-3 கனஜோராக இருந்தது. கன்ட்ரோல் அச்சுப் பிசகவில்லை. மீரானுடையது மட்டும் அதே பள்ளத்தில் கிடந்தது. கிராஃபை எடுத்துக்கொண்டு படி இறங்கிப்போய் டாக்டர் மேஜையில் வைத்தேன். பார்த்தார். "சரி, உன் டியூப் மேல தப்பில்ல. அப்போ இந்த மனுசன் உடம்பு என்னத்தைப் பார்த்துப் பயப்படுது?" என்றார்.

அந்த வாரமே எனக்குக் காயல்பட்டினம் போகிற வேலை வந்தது. கதீஜாவின் உம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது, முட்டுவலியால் பஸ் ஏற முடியவில்லை. வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். வீட்டில் ஒரு நிக்காஹ் வேறு. "போய் எடுத்துட்டு வா, அப்படியே கண்ணைத் திறந்து வச்சுக்கோ" என்றார் டாக்டர். திருச்செந்தூர் ரயிலில் ஏறினேன். ஸ்ரீவைகுண்டம் தாண்டி வாழைத்தோட்டங்கள் முடிகிறவரைக்கும் அந்த டி-3யைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு போனேன்.

அந்த ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கல்யாணம் ஆனால் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மீரான் அந்த வீட்டு மாப்பிள்ளை. ராஜ மரியாதை. மாப்பிள்ளைக்கு வைத்ததை வேண்டாம் என்று சொன்னால் வீடே கலங்கிப்போகும்.

உம்மாவுக்கு ரத்தம் எடுத்து முடித்தேன். சாப்பிடாமல் விடமாட்டோம் என்று பெண்கள் பக்கம் உட்காரவைத்துவிட்டார்கள். சைவக்காரி என்று எனக்குத் தனியே புதுப் பாத்திரத்தில் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும். மற்றவர்களுக்குக் களறிக்கறி என்கிற விருந்து ஆட்டுக்கறி, கத்தரிக்காய் மாங்காய், மலைமாதிரி சோறு. என் எதிரே ஒரு சஹனில் மூன்று பெண்கள். பேச்சும் சிரிப்புமாகச் சாப்பிட்டார்கள். ஒரு பெண்ணுக்குக் கறி பிடிக்காது போல, தன் பக்கத்துத் துண்டுகளை எல்லாம் அடுத்தவள் பக்கம் ஒதுக்கினாள். அடுத்தவள் தன் பக்கத்துச் சோற்றை இவள் பக்கம் தள்ளினாள். ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. கடைசியில் சஹன் பளபளவென்று காலி. உம்மா வந்து எட்டிப் பார்த்து, "மூணு பேரும் நல்லாச் சாப்பிட்டியளா?" என்று திருப்தியாகப் போனார்.

வாய்க்குக் கொண்டுபோன இடியாப்பத்தை நான் அப்படியே பாத்திரத்தில் வைத்துவிட்டேன். மூணு பேரும் நல்லாச் சாப்பிட்டார்களாம்! யார் எதைச் சாப்பிட்டார்கள் என்று அந்தத் தட்டை வைத்து எந்த டாக்டராலும் சொல்ல முடியாது!

கதீஜாவிடம் பைய ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். "உங்க தம்பிமாரு ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களா?"

"அவனுவளுக்கென்ன அக்கா! மச்சான் வந்ததுல இருந்து ரெண்டு பேருக்கும் தொந்தி விழுந்திருச்சு. சட்டை பத்தலைன்னு புதுசு தைக்கச் சொல்லிட்டு அலையுதானுவ" என்று சிரித்தாள்.

எனக்குக் கைதட்டவேண்டும் போல இருந்தது. அடக்கிக்கொண்டேன். ஒரு நோயாளி மனைவியிடம் மறைத்ததை நான் உடைக்கக்கூடாது. வாசலில் மீரான் வண்டி பிடித்துக் கொடுக்க வந்தார். கல்யாண வீட்டுச் சத்தத்தில் யார் காதிலும் விழாது.

"சஹன்ல நீங்க கறியை மட்டும்தான் எடுக்கீங்க, இல்லையா?" என்றேன்.

முகம் வெளுத்துவிட்டது. சுற்றும் முற்றும் பார்த்தார். "சிஸ்டர், சத்தமாப் பேசாதீங்க."

பிறகு மளமளவென்று கொட்டினார். துபாயில் எதற்கோ ரத்தம் பார்த்தபோது சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். அறையில் கூட இருந்தவன், சோறு, ரொட்டி, பேரீச்சை எல்லாவற்றையும் விட்டுவிடு, கறியும் மீனும் முட்டையும் மட்டும் சாப்பிடு என்றான். விட்டார். சர்க்கரை இறங்கிவிட்டது. எடையும் இறங்கியது. கூடவே குளிரும் சோர்வும் முடிகொட்டலும் வந்தன.

"புது கம்பெனியில பாதிப்பேரு நம்ம ஊர்க்காரன்தான் சிஸ்டர். சோறு திங்க மாட்டேங்கான்னு வீட்டுல ஒரு வாய்க்குத் தெரிஞ்சா, சர்க்கரைன்னு எனக்கு முந்தி அங்கன போய்ச் சேர்ந்திரும். மச்சினமாரு நல்ல பிள்ளைய, சோத்தை அவங்க பக்கம் தள்ளினா கேள்வி கேக்காமத் தின்னுருவானுவ. அவளுக்கும் தெரியாது."

"டாக்டர்கிட்ட மட்டும் நான் சொல்லியே ஆகணும்" என்றேன். சரி என்று தலையாட்டினார்.

மறுநாள் காலை நான் மாடிப்படிக்கட்டில் நின்றபடியே சொன்னேன். டாக்டர் எஸ்தர் அங்கேயே கைதட்டிவிட்டார். "ஏளா! சஹன்! எனக்குத் தோணலையே! இருபது கேள்வி கேட்டேன், தட்டு யாரோடதுன்னு கேக்கலையே!" காத்திருந்த நோயாளிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு என்னை உட்காரவைத்து விளக்கினார். "டி-4 கிடங்குல இருக்கிற விறகு. டி-3 அடுப்புல எரியுற விறகு. மாவுச்சத்து வரலைன்னதும் உடம்பு பஞ்சம்னு நினைச்சுக்கிட்டு அடுப்புக்கு எடுக்கிறதைக் குறைக்கும். கிடங்கு நிறைஞ்சுதான் இருக்கு. சுரப்பி மேல குத்தமே இல்ல. சில பேரு இது உடம்போட சிக்கனம், கெடுதல் இல்லம்பாங்க. இருக்கலாம், எல்லாருக்கும் இப்படிக் குளிராது. ஆனா இவருக்கு வேண்டியது மாத்திரை இல்ல, சோறு."

சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்தினார். எனக்கும் அதே இடத்தில்தான் உறைத்தது. சோறு கொடுத்தால் சர்க்கரை ஏறும். கொடுக்காவிட்டால் தைராய்டு நோயாளி. எந்தப் பக்கம் போனாலும் பம்பாயில் 'அன்ஃபிட்'.

"நடுவுல ஒரு அளவு இருக்கும். அதைப் பிடிச்சிரணும்" என்றார் டாக்டர்.

அளவு என்றால் தனித் தட்டு வேண்டும். தனித் தட்டு என்றால் வீட்டுக்குத் தெரியவேண்டும். மீரானையும் கதீஜாவையும் வரவழைத்தார். மீரான் வாயைத் திறக்கவே மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். "நான் சொல்லமாட்டேன். உங்க வாயால சொல்லுங்க, நாங்க வெளிய போறோம்" என்று டாக்டர் எழுந்தார். கதவைச் சாத்தப் போனேன். உள்ளே மீரான் ஆரம்பித்துவிட்டார். அதற்கப்புறம் கதீஜாவின் குரல்தான் கேட்டது. கதவு என்ன, சுவரையே துளைத்துக்கொண்டு வந்தது.

"நீங்க இளைச்சு இளைச்சுப் போறதைப் பார்த்து நான் ராவும் பகலும் அல்லாகிட்ட துஆ கேட்டுக்கிட்டுக் கிடக்கேன். அங்கன எவளும் இருக்காளோன்னுகூட நினைச்சுத் தொலைச்சேன். என் தம்பிமாரை வீங்க வச்சுட்டு நீங்க காஞ்சு போனீங்களாக்கும்? சர்க்கரைதானே? எங்க உம்மாவுக்கு இல்லாத சர்க்கரையா?"

பிறகு அழுகை. பிறகு கதவைத் திறந்துகொண்டு அவளே வந்தாள், கண் சிவந்திருந்தது, ஆனால் முகத்தில் ஒரு முடிவு.

"டாக்டரம்மா, எவ்வளவு சோறுன்னு சொல்லுங்க. தனித் தட்டு வேண்டாம். ஊரு முழுக்கப் பேசும். நான் பார்த்துக்கிடுதேன்."

டாக்டர் ஒரு சின்னக் கிண்ணத்தைக் காட்டினார். மத்தியானம் அந்தக் கிண்ணம் சோறு, காலையில் இடியாப்பம், ராத்திரி கொஞ்சம் பயறு, சாப்பிட்டதும் நடை. அவ்வளவுதான். கதீஜா செய்த வேலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அந்தக் கிண்ணத்தில் சோற்றை அமுக்கி நிறைத்து, சஹனில் மாப்பிள்ளை உட்காருகிற பக்கத்தில் அப்படியே கவிழ்த்து, மேலே ஒரு முந்திரிப்பருப்பைக் குத்தி வைத்துவிட்டாள். மாப்பிள்ளைக்குத் தனி மரியாதை! அதில் கைவைக்க மச்சினன்மாருக்கு எங்கே தைரியம்? வருகிறவர்கள் எல்லாம், கதீஜா மாப்பிள்ளையை எப்படித் தாங்குதா பாருங்க என்று மெச்சினார்களாம். மறைக்கிறதற்கும் அளக்கிறதற்கும் ஒரே கிண்ணம்.

பம்பாய் டிக்கெட் எடுத்தாயிற்று. போவதற்கு முந்தைய புதன் மீரான் வந்தார். காலையில் வெறும் வயிற்றில் ஒரு ரத்தம். வீட்டிலிருந்து கொண்டுவந்த இடியாப்பத்தை எங்கள் வராந்தாவில் சாப்பிட்டுவிட்டு நடந்துவந்து இன்னொரு ரத்தம். ஸ்வெட்டரைக் காணோம். "எங்க ஸ்வெட்டர்?" என்றேன். குனிந்து தன்னையே பார்த்துக்கொண்டார். "போட மறந்துட்டேன் போல" என்றார். அப்போதே எனக்கு உள்ளுக்குள் ஏதோ துள்ளியது. ஆனால் மறப்பதை வைத்து ரிப்போர்ட் எழுத முடியாதே.

சர்க்கரைதான் முதலில் வந்தது. வெறும் வயிற்றில் ஒழுங்கு. சாப்பிட்ட பிறகு கொஞ்சம் ஏறியிருந்தது, ஆனால் கோட்டைத் தாண்டவில்லை. கீழே ஓடிப்போய்ச் சொன்னேன். டாக்டர், "பாதிதான், பாதிதான், மேல போ" என்று விரட்டினார்.

அன்றைக்கு டியூப்களைக் கவிழ்க்க ஸ்டாண்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே வீச்சு. படிவு அசையவில்லை. கவுண்டரில் ஸ்டாண்டர்டுகள் இறங்கின, கன்ட்ரோல் இறங்கியது. மீரானின் முதல் டியூப். எண்கள் ஓடின. முன்பெல்லாம் அவருடைய எண் ஏறிக்கொண்டே போகும், சிவப்புச் சட்டைகளே பஸ் முழுக்க. இன்றைக்கு ஏறவில்லை. நின்றுவிட்டது! இரண்டாவது டியூப்பை இறக்கினேன். அதே இடத்தில் நின்றது. திரும்பிப் பார்த்தால் டாக்டர் எஸ்தர் என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார், நோயாளிகளைக் கீழே விட்டுவிட்டு. நான் புள்ளி வைத்தேன், அவர் ஸ்கேல் பிடித்தார். டி-3 நடுவாந்திரத்தில், தெளிவாக, எல்லைக்குள்.

"ஏளா கோமதி!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் என்ன கத்தினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. கீழே வரைக்கும் கேட்டதாம்.

மீரானிடம் டாக்டர் ஒன்று மட்டும் சொன்னார். "சர்க்கரையை இனி மறைக்காதீங்க. சாப்பாட்டுலயே கட்டுப்பாட்டுல இருக்குன்னு நான் எழுதித் தாறேன். அதைக் காட்டுங்க." மீரானுக்குப் பயம் போகவில்லை. கதீஜா அந்தத் தாளை வாங்கி அவர் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டாள்.

பம்பாயிலிருந்து போன் வந்த அன்று கதீஜாவும் உம்மாவும் எங்கள் மருத்துவமனையில்தான் இருந்தார்கள். முட்டுவலி கொஞ்சம் தேவலை என்று கார் பிடித்து வந்திருந்தார் உம்மா. அவரிடம் மட்டும் கதீஜா எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். டாக்டர்தான் போனை எடுத்தார். கேட்டுக்கொண்டே இருந்தவர், கூட்டத்தைப் பார்த்து, "தாளைக் காட்டினாராம்! ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு ஃபிட்னு போட்டுட்டாங்களாம்!" என்று கூவினார். யாருக்கு என்ன என்று தெரியாமலே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

கதீஜா ரிசீவரை வாங்கினாள். "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். பிறகு சொன்னாள்.

"அது சரி மச்சான். அங்கன உங்களுக்கு யாரு கிண்ணத்தைக் கவுத்துவா? ரூம்ல மறுபடி ஒரு சஹன் கிடைக்கும், நாலு பேரு கிடைப்பான். எனக்கும் பாஸ்போர்ட் எடுக்கணும். நானும் வாறேன்."

அந்த வீட்டில் ஒரு பெண்ணும் தாய்வீட்டுக் கூரையை விட்டு வெளியே போய்க் குடித்தனம் செய்ததில்லை. உம்மா எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து மகளிடமிருந்து ரிசீவரை வாங்கினார். தடுக்கப்போகிறார் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

"மாப்பிள்ளை, அவளைக் கூட்டிட்டுப் போங்க. கடலுக்கு அங்கிட்டு ஒருத்தரும் இங்கிட்டு ஒருத்தருமாக் கிடந்து ஒருத்தருக்கொருத்தர் மறைச்சது போதும்" என்றார்.

போனை வைத்துவிட்டு, நின்ற இடத்தில் விம்மிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார். "ஏளா, அழாத. மூஞ்சியைக் கழுவிட்டு வா. பக்கத்துல ஸ்டூடியோ எங்க இருக்குன்னு கேளு, பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துட்டே போயிருவோம்."